பெனீத் எ ஸ்டீல் ஸ்கை: இன்றைக்கு நிறுவி, பொறுமையாக விளையாட ஒரு வழிகாட்டி

பாயின்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர் (மவுஸால் கிளிக் செய்து புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் ஆட்டம்) பக்கமே போனதில்லை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பெயர்தான்: பெனீத் எ ஸ்டீல் ஸ்கை. இங்கிலாந்தின் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் 1994இல் கொண்டுவந்த சைபர்பங்க் கதை, அதாவது கம்ப்யூட்டர்கள் ஆதிக்கம் செலுத்தும் இருண்ட எதிர்காலக் கதை. காசு கொடுக்க வேண்டாம், திருட்டுப் பிரதி தேட வேண்டாம், புது கம்ப்யூட்டரும் வேண்டாம். வீட்டில் ஓரமாகக் கிடக்கும் லேப்டாப்பே போதும்.

ஆனால் இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கிப் போட்டவர்களில் பலர் முதல் அரை மணி நேரத்திலேயே மூடிவிடுகிறார்கள். என் அக்கா மகனும் முதலில் அப்படித்தான் மூடினான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு இரண்டு காரணங்கள் தெரிந்தன. படம் நசுங்கி, மங்கலாகத் தெரிந்தது. அப்புறம், அவன் அவசரப்பட்டான். இரண்டையும் சரிசெய்துவிட்டால் இந்த ஆட்டம் ஆளை விடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிறுவுவது

முதலில் ஸ்கம்விஎம். பழைய அட்வென்ச்சர் ஆட்டங்களை இன்றைய கருவிகளில் ஓட வைக்கும் இலவச மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் உண்டு. ஆட்டத்தின் கோப்புகளையும் ஸ்கம்விஎம் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. மென்பொருள் தொகுப்புகளில் ஆட்டத்தின் பெயரைத் தேடினால் அதுவே வந்து நிற்கும். ஜிஓஜி என்ற இணைய ஆட்டக் கடையிலும் விலையில்லாமல் கிடைக்கிறது.

இரண்டு பதிப்புகள் இருப்பதைப் பார்ப்பீர்கள்: ஃப்ளாப்பி, சிடி. சிடி பதிப்பையே எடுங்கள். அதில் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் உண்டு. ஃப்ளாப்பியில் எழுத்து மட்டும்தான். டேட்டா மிகவும் குறைவாக இருந்தால் ஒழிய ஃப்ளாப்பி பக்கம் போக வேண்டாம்.

ஜிப்பைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். ஸ்கம்விஎம்மைத் திறந்து, ஆட்டம் சேர்க்கும் பட்டனை அழுத்தி, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். ஆட்டத்தை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். உடனே தொடங்கிவிடாதீர்கள், இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும்.

ஒன்று, கிராஃபிக்ஸ் பகுதியில் திரை விகிதத்தைத் திருத்தும் தேர்வு. அதை டிக் செய்யுங்கள். இந்த ஆட்டத்தின் படம் 320க்கு 200 புள்ளிகள். அன்றைய 4:3 மானிட்டரில் அது முழுத் திரையையும் நிரப்பும், அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஓவியர்கள் அந்தக் கணக்கில்தான் வரைந்தார்கள். திருத்தாமல் ஓட்டினால் மனிதர்கள் குட்டையாகவும் கட்டிடங்கள் அமுங்கியும் தெரிகின்றன. வானளாவ நிற்க வேண்டிய நகரம் இது, அமுங்கினால் பாதி அழகு போய்விடும். படத்தை வழவழப்பாக்கும் ஃபில்டர்களும் வேண்டாம். புள்ளி புள்ளியாகவே இருக்கட்டும்.

இரண்டு, ஒலிப் பகுதியில் குரல், எழுத்து இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பேச்சு பெரும்பாலும் பிரிட்டிஷ் உச்சரிப்பு, கேலியும் கிண்டலும் வேகமாக வந்து போகும். கீழே எழுத்து ஓடினால் நம்மவர்களுக்கு எதுவும் தவறாது. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடுவதென்றால் இது கட்டாயம்.

விருப்பப்பட்டால் இன்னொன்று: ஜேம்ஸ் உட்காக் என்பவர் இந்த ஆட்டத்தின் இசையைப் புதிய ஒலித்தரத்தில் மறுபடி உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கோப்புகளை ஆட்டத்தின் ஃபோல்டரில் போட்டால் ஸ்கம்விஎம் எடுத்துக்கொள்ளும். முதல் முறை விளையாடுபவர்கள் பழைய இசையோடு விளையாடுவதே எனக்குப் பிடிக்கும், ஆனால் இது அவரவர் காது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

முன்கதை ஒரு காமிக்ஸாக வரும். எஸ்கேப் அழுத்தித் தாண்டாதீர்கள். வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ், ‘வாட்ச்மென்’ காமிக்ஸின் ஓவியர். அட்டைப்பெட்டியில் விற்ற காலத்தில் இதே முன்கதையை அச்சிட்ட சிறு காமிக்ஸ் புத்தகமாகவும் கூடவே கொடுத்தார்கள்.

ஆஸ்திரேலியா. தொழில் கழிவால் நாசமான உலகம். நகரங்களுக்கு வெளியே விரியும் பாழ்நிலத்தை ‘கேப்’ என்கிறார்கள். அங்கே ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து நொறுங்குகிறது. தப்பிய சிறுவனைப் பூர்வகுடிகள் எடுத்து வளர்க்கிறார்கள். பெயர் ராபர்ட் ஃபாஸ்டர். அந்த ‘ஃபாஸ்டர்’ அங்கே கிடந்த ஒரு பீர் டப்பாவிலிருந்து வந்தது. குப்பையில் கிடந்த பாகங்களை வைத்து அவன் ஒரு ரோபோ செய்கிறான், பெயர் ஜோயி. பல வருடம் கழித்து யூனியன் சிட்டி என்ற நகரத்திலிருந்து படை வருகிறது. அவனை வளர்த்தவர்களைக் கொன்றுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. நகரத்தை ஆள்வது லிங்க் என்ற கம்ப்யூட்டர்.

நகரத்தின் அமைப்பை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கதைகளில் பணக்காரர்கள் உச்சியில் இருப்பார்கள், ஏழைகள் அடியில் கிடப்பார்கள். இங்கே தலைகீழ். உச்சியில் ஆலைகளும் புகையும் தொழிலாளர்களும். நடுவில் பெல் வ்யூ என்ற தளம், குடியிருப்பும் கடைகளும். பாதுகாப்பான தரைத்தளத்தில், ஹைட் பார்க்கில், வசதியானவர்கள். ஃபாஸ்டர் உச்சியில்தான் மாட்டிக்கொள்கிறான். ஆகவே இந்த ஆட்டத்தில் முன்னேறுவது என்றால் கீழே இறங்குவது. லிஃப்ட் ஒன்று வேலை செய்யவில்லை என்றால், அடுத்த வேலை அதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கையாளும் விதம்

இடது கிளிக்: நடக்க, பார்க்க. வலது கிளிக்: எடுக்க, பேச, பயன்படுத்த. மவுஸைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோனால் கையிலிருக்கும் பொருட்கள் இறங்கிவரும். ஒன்றைத் தேர்ந்து, எதன்மேல் பயன்படுத்த வேண்டுமோ அதன்மேல் கிளிக். எஃப்5 அழுத்தினால் சேவ் செய்யும் பலகை. ஒரு வசனத்தைத் தாண்ட முற்றுப்புள்ளி விசை. நிறுத்தி வைக்க பி. போனில் விளையாடினால் இரண்டு விரலால் தட்டுவது வலது கிளிக். ஆனால் சின்னத் திரையில் சின்னப் பொருட்களைத் தேடுவது கண்ணுக்குக் கஷ்டம், முடிந்தால் மவுஸ் வைத்த கம்ப்யூட்டரில் உட்காருங்கள்.

முதல் காட்சியிலேயே பழகிக்கொள்ளலாம். ஃபாஸ்டர் உயரத்தில் ஒரு இரும்பு மேடையில் நிற்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. மவுஸைத் திரையில் மெதுவாக நகர்த்துங்கள். தொடக்கூடிய ஒரு பொருளின்மேல் போனால் அதன் பெயர் எழுத்தாகத் தோன்றும். இதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படைப் பழக்கம். ஒவ்வொரு புது இடத்திலும் ஒரு சுற்று இப்படித் துழாவிவிட்டுத்தான் நடக்க ஆரம்பிக்க வேண்டும். கைப்பிடியில் ஒரு கம்பி கழன்று வரும். வலது கிளிக் செய்து எடுத்து, கதவின்மேல் பயன்படுத்தினால் நெம்பித் திறக்கிறான். சரி, வெளியே வந்தாயிற்று.

அந்தக் கம்பியைப் பற்றி இடது கிளிக்கிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஃபாஸ்டர் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் ஏதாவது சொல்வான். அதில் பல புதிர்களுக்கான துப்பு மறைந்திருக்கும். எடுக்க முடியவில்லையே என்று பொருளை அப்படியே விட்டுவிடாதீர்கள், முதலில் பார்ப்பது, அப்புறம் தொடுவது என்ற வரிசையை விடாமல் கடைப்பிடித்தால் பாதிக் குழப்பம் வராது.

கீழே இறங்கினால் மறுசுழற்சி ஆலை. ஜோயியின் பழைய உடல் இப்போது இல்லை, ஆனால் அவனுடைய சர்க்யூட் போர்டு ஃபாஸ்டரிடம் இருக்கிறது. அங்கே கழித்துப் போட்ட ஒரு ரோபோக்கூடு கிடக்கும். போர்டை அதில் வையுங்கள். ஜோயி விழித்தவுடன் இந்த உடம்பு என்ன உடம்பு என்று புலம்புவான். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஜோயி என்பது அந்தச் சிறு போர்டு. உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் வெல்டிங் ரோபோவாக வருவான், அப்புறம் மருத்துவ ரோபோவாக. எந்த உடம்பில் இருக்கிறானோ அந்த உடம்பின் திறமைதான் அப்போது உங்கள் கையில் இருக்கும் கருவி. கதவு, இயந்திரம், மின்பெட்டி என்று எது மறித்தாலும் ஜோயியிடம் பேசுங்கள். உங்களால் முடியாததை அவனால் முடியும், பல இடங்களில் அவனிடம் கேட்டால்தான் வழி திறக்கும். இதை மறப்பவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

அதே ஆலையில் ஹாபின்ஸ் என்ற பராமரிப்பு ஆள் இருப்பார். அவரிடம் இருக்கிற தலைப்புகள் எல்லாம் தீரும்வரை பேசுங்கள். அவருடைய அலமாரியையும் திறந்து பாருங்கள், உள்ளே இருக்கும் ரெஞ்ச் பின்னால் வேண்டியிருக்கும். லிஃப்டில் எப்படி இறங்குவது என்ற முதல் பெரிய புதிருக்கு நான் விடை சொல்லப்போவதில்லை. அங்கே சும்மா நிற்கும் சுமைதூக்கி ரோபோவைப் பற்றி ஜோயியிடம் கேளுங்கள், அது போதும்.

காத்திருப்பது

அக்கா மகன் இங்கேதான் பொறுமை இழந்தான். இன்றைய ஆட்டங்களில் நாம் வந்த பிறகுதான் மற்றவர்கள் அசைவார்கள். இங்கே அப்படியில்லை. ரெவல்யூஷன் உருவாக்கிய எஞ்சினுக்கு, அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, வர்ச்சுவல் தியேட்டர் என்று பெயர். 1992இல் வந்த அவர்களின் முதல் ஆட்டமான ‘லூர் ஆஃப் தி டெம்ப்ட்ரஸ்’ஸிலேயே அது இருந்தது. அதில் பாத்திரங்கள் தங்கள் பாட்டுக்கு நடப்பார்கள், ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவார்கள், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். நீங்கள் தேடும் ஆள் அறையில் இல்லையென்றால் ஆட்டம் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. அவர் வேறு எங்கோ போயிருக்கிறார். நில்லுங்கள், வருவார். ஆலை முதலாளி கில்பர்ட் லாம்ப் தன் ஆலையில் நடந்து வருவதைப் பாருங்கள், யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அங்கே வேலை செய்யும் அனிட்டாவிடம் விடாமல் பேசுங்கள். அவள் சட்டையில் குத்தியிருக்கும் பட்டை என்ன, அது ஏன் நிறம் மாறுகிறது என்று கேளுங்கள். நகரத்தைப் பற்றிய உண்மை இப்படித்தான் துண்டு துண்டாக நமக்கு வந்து சேர்கிறது.

அடுத்து நான் சொல்வதில் கதையின் ஒரு திருப்பம் இருக்கிறது. வேண்டாதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஆரம்பத்திலேயே ரைக் என்ற பாதுகாப்பு அதிகாரியின் அடையாள அட்டை உங்கள் கைக்கு வரும். அதை லிங்க் முனையத்தில் செருகினால் சாதாரணக் குடிமகனுக்குத் தெரியாத பட்டியல்கள் திறக்கும். அதில் ஒன்று, ஒரு மனிதனின் இணைப்பைத் துண்டிப்பது. லாம்பின் பெயரைத் தேர்ந்து உறுதிசெய்ய ஒரு சில கிளிக்தான். அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். நேற்றுவரை ஆலையை அதட்டிக்கொண்டிருந்த மனிதர் லிஃப்ட் முன்னால் நிற்கிறார், அது அவரை ஏற்றவில்லை. வீட்டுக்குப் போக முடியவில்லை, பூனைக்குச் சாப்பாடு போட முடியவில்லை. உங்களிடமே உதவி கேட்கிறார். புதிரின் விடை இதுதான், இதைச் செய்யாமல் கதையில் முன்னேற முடியாது. ஆனால் செய்தவர் நாம். ஒரு ஆட்டம் நம் கையாலேயே இதைச் செய்யவைத்து, அவருடைய முகத்துக்கு எதிரே நம்மை நிறுத்துகிறது. அட்டை இருந்தால்தான் ஆள் என்ற நிலைமையை இவ்வளவு நேராகக் காட்டிய ஆட்டத்தை நான் வேறு பார்க்கவில்லை.

நடுவில் ஒரு கட்டத்தில் ஃபாஸ்டரின் தலையில் ஒரு போர்ட் (கம்ப்யூட்டரோடு இணைக்கும் துளை) பொருத்தப்படும். அதன் வழியாக லிங்க்கின் உள்ளேயே போகலாம். அங்கே கைப்பொருட்களுக்குப் பதிலாக நிரல்கள்: சுருக்கியதை விரிக்க ஒன்று, பூட்டிய எழுத்தைப் பிரிக்க ஒன்று, கண்காணிக்கும் கண்ணைக் குருடாக்க ஒன்று. இந்தப் பகுதி மற்றவற்றைவிடச் சற்று வறண்டது என்பது என் அபிப்பிராயம். கிடைக்கும் ஒவ்வொரு ஆவணத்தையும் படித்துவிட்டு வெளியே வாருங்கள், கதைக்கு அவை தேவை.

சிக்கிக்கொண்டால்

விடைகளை வரிசையாகச் சொல்லும் வாக்த்ரூவைத் திறக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஜோயியிடம் இதைப் பற்றிக் கேட்டேனா? இந்த ஆளிடம் எல்லாத் தலைப்பும் பேசித் தீர்ந்ததா? ஒரு தளத்தில் கிடைத்ததை வேறு தளத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேனா? மூன்றாவதுதான் முக்கியம். திருமதி பியர்மான்ட் என்று ஒரு சீமாட்டி, அவளுக்கு ஸ்பங்கி என்று ஒரு நாய். ஹைட் பார்க்கில் தேவாலய வாசலில் நிற்கும் காவலாளியை நகர்த்த அந்த நாய் வேண்டும். நாயைக் கவர அதன் பிஸ்கெட் வேண்டும். பிஸ்கெட் கிடைக்க அதன் கவனத்தைத் திருப்ப வேண்டும். அதற்கான பொருள் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது. எல்லாப் பொருட்களும் கையில் இருந்தாலும் கடைசியில் நாய் சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கணத்துக்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள், செய்து முடித்தபின் சிரித்துவிடுவீர்கள்.

சேவ் பற்றி இன்னொன்று. இந்த ஆட்டத்தில் சாகலாம். ஆலைப் பகுதியில் கதிர்வீச்சு இருக்கும் இடம், கடைசியில் தரைக்கு அடியிலுள்ள சுரங்கப் பகுதி, இரண்டிலும் ஜாக்கிரதை. சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகு ஒவ்வொரு புது அறைக்கு முன்னும் எஃப்5. ஒரே பெயரில் மேலெழுதாமல் தனித்தனிப் பெயரில் வையுங்கள்.

இது எப்படி இலவசமானது

1994இல் இது விர்ஜின் நிறுவனத்தின் வெளியீடாக, டாஸ் ஓடும் பிசிக்கும் அமிகா கம்ப்யூட்டருக்கும் வந்தது. அமிகாவுக்கு 15 ஃப்ளாப்பிகள். சில வருடங்களில் அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வழக்கொழிந்து போயின. அட்டைப்பெட்டியை வைத்திருந்தவர்களாலும் ஓட்ட முடியாத நிலை. ஸ்கம்விஎம் 2001இல் தொடங்கிய முயற்சி. அந்தத் தன்னார்வலர்களிடம் ரெவல்யூஷன் நிறுவனம் தன் மூல நிரலையே கொடுத்தது. 2003இல் ஆட்டத்தையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. உரிமை இன்றும் அவர்களுடையதுதான், ஆனால் ஆட்டம் நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. ‘லூர் ஆஃப் தி டெம்ப்ட்ரஸ்’ஸையும் அதே வருடம் விடுவித்தார்கள். ‘ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குவீன்’, இன்னொரு சைபர்பங்க் ஆட்டமான ‘ட்ரீம்வெப்’ ஆகியவையும் பிற்பாடு இதே வழியில் இலவசமாயின. நிறுவனத்தை நடத்திய சார்லஸ் செசிலும் அவருடைய குழுவும் இதனால் எதையும் இழந்துவிடவில்லை. இலவசமாகக் கொடுத்த அதே ஆட்டத்துக்கு 2009இல் ஐபோனுக்காகப் புது முன்கதைக் காட்சிகளோடு மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். வாசகர் கூட்டம் என்பதுபோல் இதற்கு ஒரு ஆட்டக்காரர் கூட்டம் நிலைத்திருந்ததுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முடித்த பிறகு என்ன விளையாடலாம்? இருட்டான நகரமும் துப்பறிவதும் பிடித்திருந்தால் வெஸ்ட்வுட் 1997இல் செய்த ‘பிளேட் ரன்னர்’. அதையும் இப்போது ஸ்கம்விஎம்மில் ஓட்டலாம். அடையாளம், நினைவு பற்றிய கதை பிடித்திருந்தால் 2011இன் ‘ஜெமினி ரூ’, 2015இன் ‘டெக்னோபாபிலான்’. இரண்டும் பழைய புள்ளிப் படப் பாணியிலேயே செய்தவை. இரண்டாவதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன்.

2020இல் ‘பியாண்ட் எ ஸ்டீல் ஸ்கை’ வந்தது. அதே ஃபாஸ்டர், அதே நகரம், பத்து வருடம் கழித்து, இந்த முறை முப்பரிமாணத்தில். டேவ் கிப்பன்ஸும் திரும்ப வந்தார். படம் புதிதாக இருக்கிறதே என்று அதை முதலில் தொடாதீர்கள். முதல் கதையில் ஜோயிக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்பதன்மேல்தான் இரண்டாவது கதை முழுக்க நிற்கிறது, தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதைச் சொல்லியும் விடுகிறது. பழையதை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.